ஒரே விற்பனை, மூன்று தொகை

கேள்வி: ஆன்லைனில் பொருள் விற்கும் நிறுவனத்தில் டேட்டா இன்ஜினியராக இருக்கிறேன். நான் சேர்ந்தபோது மொத்தம் முப்பது பேர், இப்போது இருநூறைத் தாண்டிவிட்டது. டேட்டா வேலைக்கு இன்னமும் நான் ஒருத்திதான். இரவில் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கருவி) ஓடும் பைத்தான் ஸ்கிரிப்ட்கள் ஆப்பின் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலிருந்து இன்னொரு போஸ்ட்கிரெஸுக்கு டேட்டாவை எடுத்து வைக்கும். டேஷ்போர்டுகள் அதன் மேல் ஓடுகின்றன. முதல் வருடம் பாராட்டு, இப்போது தினமும் ஏச்சு. போன மாத விற்பனைக்கு சேல்ஸ் ஒரு தொகை சொல்கிறது, ஃபைனான்ஸ் இன்னொன்று, என் டேஷ்போர்டு மூன்றாவது. நாள் முழுக்க “இந்த லிஸ்ட் மட்டும் எடுத்துக் கொடுங்க” என்று கேட்டு வருகிறார்கள். புதிதாக வந்த டெக் தலைவர் காஃப்கா, ஸ்பார்க், டேட்டா லேக் என்று பெரிய அளவு டேட்டாவுக்கான கருவிகளை வைத்து ஆறு மாதத் திட்டம் போட்டிருக்கிறார். பெரிய நிறுவனங்களில் இருக்கும் நண்பர்கள் அதில்தான் வேலை செய்கிறார்கள். நான் பின்தங்கிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. இதற்கு நடுவில், முதலீட்டாளர் கூட்டத்துக்கு முன்னால் ‘ஆக்டிவ் கஸ்டமர்’ கணக்கைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்கிறார்கள். இங்கேயே இருப்பதா, வேறு இடம் பார்ப்பதா?

பதில்: உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, டேட்டா எவ்வளவு என்பது மட்டும் இல்லை. எத்தனை வரிசை, எத்தனை ஜிபி, எந்தக் குவெரி எத்தனை நிமிடம் இழுக்கிறது என்று எதுவும் சொல்லவில்லை. மறந்துவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் ஒன்றுகூட அளவால் வந்ததில்லை. வளர்ந்திருப்பது உங்கள் எண்களை நம்பி வேலை செய்கிறவர்களின் கூட்டம். முப்பது பேர் இருந்தபோது விற்பனைத் தொகையைக் கேட்டவர் ஒருவரோ இருவரோதான். அந்த எண்ணில் எது சேரும், எது சேராது என்று அவருக்கே தெரியும். சந்தேகம் வந்தால் உங்கள் மேஜைக்கு வந்து கேட்டிருப்பார். இப்போது உங்களை ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவர் அதே எண்ணை வைத்து அடுத்த மாத விளம்பரச் செலவை முடிவு செய்கிறார். ஸ்கிரிப்ட் மாறவில்லை, அதன் மேல் விழும் பாரம் மாறிவிட்டது.

காஃப்காவுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த மூன்று தொகை.

மொத்தத்தை வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் வருடக் கணக்கில் சண்டைதான் நடக்கும். ஒரே ஒரு நாளை எடுங்கள். அந்த நாளின் ஆர்டர் எண்களை சேல்ஸ், ஃபைனான்ஸ், உங்கள் டேபிள் மூன்றிலிருந்தும் இறக்கி, எது எதில் இல்லை, இருப்பதில் எங்கே தொகை மாறுகிறது என்று வரிசை வரிசையாகப் பாருங்கள். பொறுமை மட்டும் இருந்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை. என்ன கிடைக்கும் என்று பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆர்டர் விழுந்த நிமிடமே சேல்ஸ் கணக்கில் அது ஏறிவிடும். பொருள் கைக்குப் போய், பணம் வந்து, திரும்பி வந்த பொருளின் தொகையும் வரியும் கழிந்த பிறகு மிஞ்சுவதைத்தான் ஃபைனான்ஸ் எழுதும். போன மாத ஆர்டருக்கு இந்த மாதம் பணம் திரும்பப் போனால், ஒருவர் போன மாதத்தில் கழிப்பார், இன்னொருவர் இந்த மாதத்தில் கழிப்பார்.

அடுத்து நேரம். உங்கள் சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடினால், உங்கள் ஊர் நேரம் அதைவிட முன்னால் இருந்தால், முதல் தேதி அதிகாலையில் வந்த ஆர்டர் சர்வர் கணக்கில் முந்தின மாதத்தின் கடைசி நாளில் போய் உட்காரும். மாதக் கடைசியில் தள்ளுபடி ஓடியிருந்தால் இந்த வித்தியாசம் சின்னதாக இருக்காது. அப்புறம் ஜாயின், அதாவது இரண்டு டேபிளை இணைப்பது. ஆர்டர் டேபிளை அதில் உள்ள பொருட்களின் டேபிளோடு சேர்த்துவிட்டு ஆர்டர் தொகையைக் கூட்டினால், மூன்று பொருள் வாங்கியவரின் தொகை மூன்று முறை ஏறும். எல்லா ஆர்டரிலும் இப்படி நடந்தால் உடனே கண்ணில் படும். பெரும்பாலான ஆர்டர் ஒரே பொருளாக இருக்கும் கடையில் தொகை லேசாகத்தான் ஊதியிருக்கும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். டெவலப்பர்கள் போட்டுப் பார்த்த டெஸ்ட் ஆர்டர்களும் எங்காவது ஒளிந்திருக்கும்.

இதில் ஜாயினும் டெஸ்ட் ஆர்டரும் வெறும் பிழை, சத்தமில்லாமல் சரிசெய்துவிடுங்கள். ஆர்டர் எப்போது விற்பனை ஆகிறது, திரும்பிய பணம் எந்த மாதத்தில் கழிய வேண்டும், நாள் எப்போது முடிகிறது என்பவை பிழை இல்லை, முடிவுகள். அவற்றை நீங்கள் எடுக்கக் கூடாது. இத்தனை நாள் ஸ்கிரிப்டுக்குள் ஒரு வடிகட்டும் நிபந்தனையாக (WHERE) நீங்கள் தனியாக எடுத்துவந்ததுதான் இன்று ஏச்சாகத் திரும்பி வருகிறது. சேல்ஸ், ஃபைனான்ஸ் இரண்டு தலைவர்களையும் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அந்த ஒரு நாளின் ஆர்டர்களை முன்னால் வைத்துக் கேளுங்கள். இருவர் சொல்வதும் அவரவர் வேலைக்குச் சரி என்றுதான் முடியும். அதனால் இரண்டு எண்ணையும் வைத்துக்கொண்டு, இரண்டு பெயர் கொடுங்கள்: பதிவான ஆர்டர் தொகை, நிகர வருவாய். வெறுமனே ‘விற்பனை’ என்ற தலைப்பு எந்த டேஷ்போர்டிலும் இருக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்தில் விளக்கம், மாற்றினால் தேதி, மாற்ற அதிகாரம் உள்ளவர் பெயர். நிகர வருவாய்க்கு அந்தப் பெயர் ஃபைனான்ஸுடையதாக இருக்கட்டும், உங்களுடையது வேண்டாம்.

இனி ஸ்கிரிப்ட்கள். கிரானை நினைத்து வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் கேட்பது ஒரே கேள்விதான்: நேற்று இரவு ஓடிய வேலையை இப்போது இன்னொரு முறை ஓட்டினால் என்ன ஆகும்? நேற்றைய ஆர்டர் இரட்டிப்பாகும் என்றால் அதுதான் முதலில் சரிசெய்ய வேண்டியது. ஸ்கிரிப்டுக்குள் ‘இன்று’ என்று எழுதாமல் தேதியை வெளியிலிருந்து கொடுங்கள். அந்தத் தேதியின் வரிசைகளை அழிப்பதும் புதிதாகப் போடுவதும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள், அதாவது நடந்தால் இரண்டும், இல்லாவிட்டால் எதுவும் இல்லை என்றபடி நடக்கட்டும். போஸ்ட்கிரெஸ் 9.5 முதல், அதாவது 2016 ஜனவரியிலிருந்து, ஏற்கெனவே இருக்கும் வரிசையே மறுபடி வந்தால் என்ன செய்வது என்று சொல்ல இன்செர்ட்டில் ஆன் கான்ஃப்ளிக்ட் இருக்கிறது. வரிசையை அடையாளம் காட்டும் கீ சரியாக இருந்தால் அதுவும் போதும். எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடை வரும் என்றானதும், ராத்திரி மூன்று மணி ஃபெயிலியர் காலை ஒன்பது மணிக்கு ஒரு கமாண்டோடு தீரும். மூன்று மாதப் பழைய தப்பைச் சரிசெய்வதும் அதே கமாண்டைத் தேதி தேதியாக ஓட்டுவதுதான்.

கடைசியாக மாறிய நேரத்தைக் குறிக்கும் ‘அப்டேட்டட் அட்’ ஃபீல்டைப் பார்த்து மாறிய வரிசைகளை மட்டும் எடுக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அதில் ஒரு பொறி இருக்கிறது, நிறைய பேருக்குத் தெரியாது. போஸ்ட்கிரெஸில் நவ் என்ற ஃபங்ஷன் கொடுப்பது அந்த டிரான்ஸாக்ஷன் தொடங்கிய நேரத்தை. 1:58க்குத் தொடங்கிய ஒரு டிரான்ஸாக்ஷன் 2:03க்குத்தான் கமிட் ஆகிறது, அதாவது முடிந்து பதிவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை 2:00க்கு ஓடும்போது அந்த வரிசை கண்ணுக்குத் தெரியாது. “2:00 வரை எடுத்தாயிற்று” என்று குறித்துக்கொண்டு முடிக்கும். அடுத்த முறை 2:00க்குப் பிறகு மாறியதைத் தேடும். அந்த வரிசையிலோ 1:58 என்று எழுதியிருக்கிறது. மறுபடி யாராவது தொடும்வரை அது வரவே வராது. எர்ரரும் இல்லை, லாகிலும் ஒன்றும் இல்லை. டெவலப்பர் நேரடியாக எஸ்க்யூஎல்லில் தொகையைத் திருத்திவிட்டு அந்த ஃபீல்டைத் தொடாமல் விட்டாலும் இதே கதைதான். அடியோடு டெலிட் ஆன வரிசையைச் சொல்லவே வேண்டாம், இல்லாததை எந்த நேரத்தை வைத்துத் தேடுவது? மருந்து எளிது. ஒவ்வொரு இரவும் கடைசி இரண்டு மூன்று நாளைச் சேர்த்தே எடுங்கள். வாரம் ஒருமுறை இரு பக்கத்து ஆர்டர் எண்களையும் முழுதாக ஒப்பிடுங்கள். மறுபடி ஓட்டினால் கெடாத ஸ்கிரிப்டாக இருந்தால்தான் இந்த மருந்தும் வேலை செய்யும், அதனால்தான் அதை முதலில் சொன்னேன்.

சத்தம் போட்டு விழும் வேலையைவிட, சத்தமில்லாமல் குறைவாகக் கொண்டுவரும் வேலைதான் ஆபத்து. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு ஆய்வகங்களிலிருந்து வந்த கொரோனா முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவ எக்செல் கோப்புகளில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான் இடம். அதற்கு மேல் வந்தவை அப்படியே விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. வந்த வரிசை எத்தனை, ஏறிய வரிசை எத்தனை என்று ஒப்பிடும் ஒற்றை வரிச் சோதனை இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

உங்களுக்கும் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. இன்று வந்த வரிசை எண்ணிக்கையைப் போன வாரம் இதே கிழமையோடு ஒப்பிடுங்கள், ஆர்டர் எண் இரண்டு முறை வருகிறதா பாருங்கள், கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு வந்தது என்று பாருங்கள். சோதனை தோற்றால் புது எண்ணை ஏற்றாமல், நேற்றையதையே “நேற்று வரை” என்ற குறிப்போடு விட்டுவையுங்கள். எச்சரிக்கையே வராமல் போனால் அதைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகள் அழிக்கப்பட்டபோது, தினசரி பேக்கப் பல நாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டன, ஆனால் பெறும் சர்வர் அவற்றைத் திருப்பிவிட்டது. சுமார் ஆறு மணி நேரத்து டேட்டா போயிற்று. அவர்கள் அதை ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டார்கள், தேடிப் படித்துப் பாருங்கள். “தோற்றேன்” என்ற செய்திக்குக் காத்திருக்காமல், “முடித்தேன்” என்ற செய்தி காலை ஆறு மணிக்குள் வராவிட்டால் அலாரம் அடிக்கும்படி வையுங்கள்.

ஆப் டெவலப்பர்களோடு உறவு எப்படி? நிலைமையைக் குறிக்கும் ஃபீல்டில் ‘கம்ப்ளீட்டட்’ என்று இருந்ததை ஒருவர் ‘ஃபுல்ஃபில்டு’ என்று மாற்றிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். மறுநாள் காலை உங்கள் டேஷ்போர்டில் விற்பனை பூஜ்யம். அவர்மேல் தப்பில்லை, நீங்கள் அந்த டேபிளைப் படிக்கிறீர்கள் என்றே அவருக்குத் தெரியாது. டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் கோட் ரிவியூவில் உங்கள் பெயர் தானாகச் சேரும்படி கேட்டு வாங்குங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள்.

சரி, காஃப்கா. லிங்க்ட்இன்னில் பிறந்து 2011இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. பல அமைப்புகளிலிருந்து நொடிக்கு நொடி கொட்டும் நிகழ்வுகளைப் பல அமைப்புகளுக்கு அனுப்ப வேண்டிய இடத்தில் அதற்கு ஈடில்லை. உங்களிடம் இருப்பதோ ஒரு டேட்டாபேஸ், காலையில் பார்க்கும் டேஷ்போர்டுகள். இரண்டு டீம்கள் விற்பனையை இரண்டு விதமாகக் கணக்கிட்டால், காஃப்கா அந்த இரண்டு தப்பையும் நொடிக்கு நொடி கொண்டுவந்து கொட்டும். தலைவரிடம் வேண்டாம் என்று சொல்லிப் போய் நிற்காதீர்கள். புதிதாக வந்தவர், ஏதாவது செய்து காட்ட வேண்டிய இடத்தில் இருக்கிறார். “ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டிய முடிவு எது எது?” என்று கேளுங்கள். மோசடிக் கட்டணத்தைத் தடுப்பது, தீர்ந்துபோன பொருளைத் தளத்திலிருந்து எடுப்பது என்று ஒன்றிரண்டு வரலாம். அவற்றில் பாதியை, ரீட் ரெப்ளிகாவிலிருந்து (டேட்டாபேஸின் படிக்க மட்டுமான நகல்) பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலையே கவனித்துக்கொள்ளும்.

போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிவைக்கும் லாகிலிருந்து அவற்றை நேரடியாகப் படிக்கும் டெபீசியம் மாதிரி எதையாவது வைத்தே ஆக வேண்டும் என்றால், ஒன்றை மட்டும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். எதுவரை படித்தாயிற்று என்று போஸ்ட்கிரெஸ் குறித்துவைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட் ஒன்றை அது பிடித்துக்கொள்ளும். படிக்கிறவர் நின்றுபோனால், அவர் திரும்பி வந்து படிப்பார் என்று போஸ்ட்கிரெஸ் லாகைச் சேர்த்துக்கொண்டே போகும். டிஸ்க் நிறையும், கடைசியில் உங்கள் டேஷ்போர்டு இல்லை, ஆப்பே நிற்கும். 13ஆம் பதிப்பிலிருந்து அதற்கு வரம்பு போடலாம், ஆனால் நாமாகப் போடாவிட்டால் வரம்பு கிடையாது.

மறுப்பதற்குப் பதிலாக மாற்றுத் திட்டத்தோடு போங்கள். ஸ்கிரிப்ட்களை ஏர்ஃப்ளோ போன்ற ஒன்றுக்கு மாற்றினால் எதற்குப் பின் எது ஓட வேண்டும், தோற்றால் எத்தனை முறை முயல வேண்டும் என்பதெல்லாம் எல்லோர் கண்ணிலும் படும். கணக்கு லாஜிக்கை டிபிடி என்ற கருவியில் எஸ்க்யூஎல்லாக எழுதி, யார் எதை மாற்றினார் என்று பதியும் கிட்டில் வைத்து, சோதனைகளோடு ஓட்டுங்கள். குவெரிகள் உண்மையாகவே இழுக்க ஆரம்பித்தால், இண்டெக்ஸும் முன்கூட்டியே கூட்டிவைத்த டேபிள்களும் உதவுகின்றனவா என்று பார்த்துவிட்டு, பிக்குவெரி, ஸ்னோஃப்ளேக் போல அலசலுக்கென்றே இருக்கும் ஒரு வேர்ஹவுஸுக்குப் போகலாம். பிக்குவெரியின் வழக்கமான கட்டண முறையில் படித்த பைட்டுகளுக்குத்தான் பில். பத்து வரிசை போதும் என்று கடைசியில் லிமிட் பத்து போட்டாலும், சாதாரண டேபிளை அது முழுதாகவே படிக்கும். எல்லோருக்கும் திறந்துவிடுமுன் இதைச் சொல்லிக்கொடுங்கள். வாடிக்கையாளரின் போன் நம்பரும் முகவரியும் அங்கே போகவே தேவையில்லை. நகரமும், ஆளைக் காட்டாத ஒரு மறைகுறியும் போதும்.

“இந்த லிஸ்ட் மட்டும்” கேட்டு வருகிறவர்களிடம், லிஸ்ட் கிடைத்ததும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பாதிப் பேர் கேட்டதே வேறாக இருக்கும். ஒரே லிஸ்ட் மூன்றாம் முறை வந்தால் டேஷ்போர்டாக்கிவிடுங்கள். மற்றவற்றை ஒரு பொதுப் பட்டியலில் ஏற்றி, எது முதலில் என்பதைத் துறைத் தலைவர்களே அடித்துக்கொள்ளட்டும். இரண்டாவது ஆள் எடுக்க அனுமதி கிடைத்தால், இன்னொரு இன்ஜினியரை எடுக்காதீர்கள். எஸ்க்யூஎல் நன்றாகத் தெரிந்து, சேல்ஸ்காரர்களோடு உட்கார்ந்து பேசத் தெரிந்த அனலிஸ்ட்டை எடுங்கள். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு. உங்கள் நிலைமைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பின்தங்கிவிட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். பெரிய டேட்டாவைப் பல கணினிகளில் பிரித்து ஓட்ட 2006இல் வந்த ஹதூப் சில வருடம் எல்லோர் ரெஸ்யூமேயிலும் இருந்தது. இன்று புதிதாக அதை நிறுவுகிறவர்களைத் தேடத்தான் வேண்டும். எட்கர் காட் 1970இல் எழுதிய, டேட்டாவை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாடலும், ரால்ஃப் கிம்பால் 1996இல் புத்தகமாகப் போட்ட, நிகழ்வுகளை ஒரு டேபிளிலும் அவற்றின் விவரங்களை வேறு டேபிள்களிலும் வைக்கும் ஃபேக்ட், டைமென்ஷன் முறையும் இன்றைக்கும் சோறு போடுகின்றன. வாடிக்கையாளர் ஊர் மாறிவிட்டால் அவருடைய பழைய ஆர்டர்கள் எந்த ஊர்க் கணக்கில் சேரும்? இந்தக் கேள்விக்கு டேபிள் வடிவமைக்கத் தெரிந்தவருக்கு ஸ்பார்க் கற்பது சில வார வேலை. உங்கள் நண்பர்களில் பலர் யாரோ கட்டிய பைப்லைனின் ஒரு துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மூலத்திலிருந்து முதலாளியின் மேஜை வரை முழுதும் பார்த்தவர். இன்டர்வியூவில் அதைச் சொல்லத் தயங்காதீர்கள். ஆனால் உங்கள் லீவு நாட்களைக் கவனியுங்கள். ஒரு வாரம் போனை அணைத்துவிட்டுப் போக முடியவில்லை என்றால், அதற்கு வழி செய்வதுதான் இந்தக் காலாண்டின் முதல் வேலை, நிர்வாகத்துக்கும் அதைச் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக, ஒற்றை வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோன ‘ஆக்டிவ் கஸ்டமர்’ சமாச்சாரம். கடிதத்தில் எனக்கு உறுத்தியது அதுதான். வரையறையை மாற்றுவது குற்றமில்லை. முப்பது நாளில் வாங்கியவர் என்றிருந்ததைத் தொண்ணூறு நாளில் ஆப்பைத் திறந்தவர் என்று மாற்ற நியாயமான காரணம்கூட இருக்கலாம். ஆனால் இந்த மாதத்துக்கு மட்டும் புதுக் கணக்கு, பழைய மாதங்களுக்குப் பழைய கணக்கு என்று ஒரே கோட்டில் வரைந்தால், நடக்காத வளர்ச்சியை நடந்ததாகக் காட்டுகிறோம். அதை நம்பிப் பணம் போடுகிறவர் பிறகு கேட்டால், குவெரியை மாற்றியவர் பெயர் கிட்டில் இருக்கும்.

வாய்மொழியாகச் சொன்னால் செய்யாதீர்கள். ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், முறைப்பாக வேண்டாம்: “புது வரையறையை இப்படிப் புரிந்துகொண்டேன். பழைய மாதங்களையும் இதே வரையறையில் மறுபடி கணக்கிட்டு, பழைய எண்ணையும் பக்கத்தில் வைத்து, மாற்றிய தேதியை அடிக்குறிப்பில் போடுகிறேன். சரிதானே?” ஃபைனான்ஸ் தலைவருக்கும் ஒரு நகல் போகட்டும். சரி என்று பதில் வந்தால், மேலே சொன்ன வேலைகளுக்கு இன்னும் ஒரு வருடம் அங்கே கொடுங்கள். நல்ல இடம்தான், கற்க நிறைய இருக்கிறது. அடிக்குறிப்பு வேண்டாம், பழைய எண் வேண்டாம் என்று பதில் வந்தாலோ, பதிலே எழுதாமல் யாராவது உங்கள் மேஜைக்கு வந்து தாழ்ந்த குரலில் பேசினாலோ, அந்த வாரமே ரெஸ்யூமேயை அனுப்பத் தொடங்குங்கள்.